பிளாக், ரீல்ஸ், வாட்ஸ்அப், ஏஐ: சேலம் பக்கம் என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

சேலத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வெச்சிருக்கேன், 2005 வாக்குல இருந்து தமிழ்ல பிளாக்கும் எழுதறேன். இந்த ரெண்டும் சேர்ந்ததால செவ்வாய்ப்பேட்டை கொலுசு பட்டறைக்காரங்க, இளம்பிள்ளை சேலை வியாபாரிங்க, ஏற்காட்டுல காபித் தோட்டம் வெச்சிருக்கறவங்க, காலேஜ் பசங்க, ரிட்டயர்டு வாத்தியாருங்கன்னு பல பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேள்விகளை கேக்கறாங்க. அடிக்கடி வர்றதை எல்லாம் இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன். சில பதில் நீளம், பொறுமையா படிங்க.

அண்ணா, ரீல்ஸ் காலத்துல போய் யாருங்கண்ணா பிளாக் படிக்கிறாங்க?

படிக்கிறாங்க, வர்ற வழி தான் மாறிடுச்சு. முன்னாடி கூகுள் ரீடர்ல நமக்குப் பிடிச்ச பிளாக் எல்லாத்தையும் சேத்து வெச்சிருப்போம், தமிழ்ல 2004ல வந்த தமிழ்மணம் திரட்டியத் திறந்தா அன்னைக்கு யார் யார் என்ன எழுதினாங்கன்னு வரிசையா தெரியும், கீழ கமெண்ட்ல சண்டை ஒரு பக்கம் ஓடிட்டு இருக்கும். 2013 ஜூலை 1ஆம் தேதி கூகுள் ரீடரை மூடிட்டாங்க, திரட்டிகளும் மெதுவா ஓஞ்சுது, அதுக்குள்ளயே பாதி பேர் ஃபேஸ்புக்குக்குக் குடி போயிட்டாங்க. இன்னைக்கு பிளாக்குக்கு வர்றவங்க ஒரு தேவைக்காக தேடி வர்றவங்க. ஜவ்வரிசி ஏன் சில பாக்கெட்டுல மட்டும் வேகவெச்சா கரைஞ்சு போகுது, ஏற்காடு மலைப்பாதையில 20 கொண்டை ஊசி வளைவு இருக்கே குழந்தைக்கு வாந்தி வராம எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு ராத்திரி 11 மணிக்கு ஒருத்தர் தேடுவார். அவருக்கு மூணு வருஷம் முன்னாடி போட்ட ரீல் கெடைக்காது, நீங்க எழுதி வெச்சது கெடைக்கும். கூட்டம் வேணும்னா பிளாக் சரிப்படாது. ஆனா தேவையோட தேடி வர்ற ஒரு ஆள் சும்மா பாத்துட்டுப் போற ஆயிரம் பேரை விட எனக்கு முக்கியமாப் படுது.

ஒரு புது டெக்னாலஜி எல்லார் கைக்கும் எப்படிப் போய்ச் சேருது? விளம்பரம் பண்ணித் தானே?

விளம்பரம் நம்ம காதுல போடும், கையில எடுக்க வெக்கறது அக்கம் பக்கத்து ஆளு தான். இதை முதல்ல ஒழுங்கா ஆராய்ச்சி பண்ணிக் காட்டினது மக்காச்சோளத்துல. அமெரிக்காவுல ஐயோவா மாநிலத்துல 1928 வாக்குல ஹைப்ரிட் மக்காச்சோள விதை விக்க ஆரம்பிச்சாங்க, பழைய ரகத்தை விட மகசூல் சுமார் 20 சதவீதம் கூட. அவ்ளோ லாபம் கண்ணுக்குத் தெரிஞ்சும் விவசாயிங்க உடனே மாறல. பிரைஸ் ரயன், நீல் கிராஸ்னு ரெண்டு பேர் 259 விவசாயிங்க கிட்டப் போய் எப்ப மாறினீங்க, யார் சொல்லி மாறினீங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டு 1943ல வெளியிட்டாங்க. 1941க்குள்ள ரெண்டே ரெண்டு பேரைத் தவிர மத்த எல்லாரும் மாறி இருந்தாங்க, ஆனா அதுக்கு 13 வருஷம் ஆச்சு. விதையப் பத்தி முதல்ல சொன்னது கம்பெனி சேல்ஸ்மேன் தான், சரி நாமளும் போட்டுப் பாக்கலாம்னு முடிவெடுக்க வெச்சது பக்கத்துக் காட்டுக்காரர். அப்பவும் முழுக் காட்டுலயும் போடல, ஒரு மூலையில கொஞ்சம் போட்டுப் பாத்துட்டுத் தான் அடுத்த வருஷம் ஏத்தினாங்க. ஆத்தூர், தலைவாசல் பக்கம் மக்காச்சோளம் போடறவங்க கிட்ட இதைச் சொன்னா இதுக்கு ஒரு ஆராய்ச்சியான்னு தான் கேப்பாங்க, ஏன்னா அவங்களும் அப்படித்தான் மாறினாங்க.

இதே மாதிரி நிறைய ஆராய்ச்சிகளை எல்லாம் சேத்து வெச்சு எவரெட் ரோஜர்ஸ்ங்கறவர் 1962ல ஒரு கணக்கு சொன்னார். எதையும் முதல் ஆளா எடுக்கறவங்க நூத்துக்கு ரெண்டரை பேர், அடுத்து வர்றவங்க பதிமூணரை, அப்புறம் 34, அதுக்கப்புறம் இன்னொரு 34, கடைசியா 16. இது அப்படியே அச்சு அசலா எல்லா இடத்துலயும் வரும்னு நெனைக்காதீங்க, வரிசைய மட்டும் பாருங்க. இதுல அந்த பதிமூணரை பேர் தான் முக்கியம்னு நான் நெனைக்கறேன். முதல் ரெண்டரை பேர் எது வந்தாலும் வாங்கற ஆளுங்க, அவங்களப் பாத்து ஊர் மாறாது. அடுத்து வர்றவங்க ஊர்ல பேரெடுத்தவங்க, கணக்குப் பாக்கறவங்க, அவங்க எடுத்தா சரி இவரே பண்றாரேன்னு மத்தவங்க வருவாங்க.

முதல்ல பண்றதும் பரவுறதும் வேற வேறங்கறதுக்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. தமிழ்ல முதல் முழு நீளக் கலர் படம் 1956ல வந்துச்சு, எடுத்தது நம்ம ஏற்காடு ரோட்டுல இருந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ. ஆனா அதுக்கப்புறமும் பல வருஷத்துக்கு பெரும்பாலான படம் கருப்பு வெள்ளை தான், ஏன்னா கலர் ஃபிலிம் வெளிநாட்டுல இருந்து வரணும், விலை ஜாஸ்தி. எடுக்கத் தெரிஞ்சவங்க இருந்தாங்க, செலவு மட்டும் எறங்கல.

அப்போ பிளாக் ஏன் நம்ம மக்கள் கிட்ட அவ்ளோ பரவல, வாட்ஸ்அப் மட்டும் ஆயா வரைக்கும் போயிடுச்சு?

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், இதுல தான் எல்லாமே இருக்கு.

பிளாக்கர் 1999ல வந்துச்சு, தமிழ்ல நம்ம ஆளுங்க 2003ல இருந்து எழுத ஆரம்பிச்சாங்க. அப்ப தமிழ் எழுத்து ஸ்கிரீன்ல தெரியறதே ஒரு வேலை. ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு ஃபான்ட், அது உங்க சிஸ்டத்துல இல்லேன்னா ஏதோ ஒரு பாஷை மாதிரி தெரியும். எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து முறை வந்த பிறகும் விண்டோஸ் எக்ஸ்பி சிஸ்டத்துல ரீஜினல் செட்டிங்ஸ் உள்ள போய் ஒரு டிக் போட்டு, எக்ஸ்பி சிடிய உள்ள போட்டு, ரீஸ்டார்ட் பண்ணினாத் தான் கொம்பும் காலும் அதது இடத்துல நிக்கும், இல்லேன்னா "கொ"ங்கறது மூணு துண்டா உடைஞ்சு தெரியும், சில சிஸ்டத்துல வெறும் கட்டம் கட்டமா வரும். எழுத இ-கலப்பையோ அழகியோ தனியா இன்ஸ்டால் பண்ணனும். பிரவுசிங் சென்டர்ல மணிக்கு 20 ரூபா 30 ரூபா குடுத்துட்டு உக்காந்திருக்கறவன் இதை எல்லாம் பண்ணிட்டா இருப்பான்? அந்தத் தொல்லை எல்லாத்தையும் தாண்டி எழுதினவங்க தான் அன்னைக்கு எழுதினாங்க, அவங்க மேல எனக்கு இன்னைக்கும் பெரிய மரியாதை.

வாட்ஸ்அப் 2009ல வந்துச்சு. மெயில் ஐடி வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், போன் நம்பர் போதும். போன்ல யார் யார் நம்பர் இருக்கோ அவங்க எல்லாம் தானா வந்து நிப்பாங்க, யாரையும் தேட வேண்டாம். எல்லாத்துக்கும் மேல வாய்ஸ் மெசேஜ். அம்மாபேட்டையில தறி ஓட்டுற அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது, மைக் படத்தை அமுக்கிப் புடிச்சுட்டே ஓசூர்ல இருக்கற பொண்ணுகிட்ட சாப்டியா கண்ணுன்னு பேசி அனுப்பிடறாங்க, பதில் வந்தா காதுல வெச்சுக் கேக்கறாங்க. எழுத்தே இல்லாம ஒரு ஆளு இன்டர்நெட்டுக்குள்ள வந்துட்டாங்க பாருங்க, இதை விட பெரிய மாற்றம் எனக்குத் தெரிஞ்சு எதுவும் இல்ல.

விலையும் சேர்ந்துச்சு. 2003ல இன்கமிங் கால் ஃப்ரீ ஆனதும் தான் செல்போன் சாதாரண ஆளுங்க கைக்கு வந்துச்சு, அது மாதிரி 2016 செப்டம்பர்ல ஜியோ வந்த பிறகு தான் டேட்டா. அதுக்கு முன்னாடி ஒரு ஜிபிக்கு 200 ரூபாய்க்கு மேல குடுத்துட்டு டேட்டாவ ஆன் பண்ணி ஆஃப் பண்ணி ஓட்டிட்டு இருந்தோம். தொல்லை போகணும், விலை எறங்கணும், நம்ம பாஷையில இருக்கணும், தெரிஞ்ச ஆளு ஒருத்தர் அதை வெச்சு ஒரு வேலைய முடிச்சுக் காட்டணும், இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் அது அப்படியே நின்னு போகும்.

எங்களுக்கு இளம்பிள்ளையில சேலை வியாபாரம். யூடியூப், இன்ஸ்டா, வாட்ஸ்அப் எல்லாத்துலயும் இருக்கணுமா?

எல்லாத்துலயும் இருக்க முயற்சி பண்ணினா எதுலயும் இருக்க முடியாதுங்க. உங்க ஊர் தான் இதுல எனக்கே பாடம் சொல்லிக் குடுத்த ஊர். கடைக்குள்ள ஒரு ஸ்டாண்டுல போனை மாட்டி, சேலைய விரிச்சு முந்தி காட்டி, பார்டரை கிட்ட கொண்டு வந்து காட்டி, பிளவுஸ் பிட் தனியா பிரிச்சுக் காட்டி, விலைய வாயிலயே சொல்லி, பிடிச்சா ஸ்கிரீன்ஷாட் எடுத்து கீழ இருக்கற நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க, சிங்கிள் பீஸும் கொரியர் உண்டு, ஷிப்பிங் தனின்னு முடிப்பாங்க. இதை எந்த மார்க்கெட்டிங் கம்பெனியும் வந்து கத்துக் குடுக்கல. ஒரு கடை பண்ணுச்சு, பார்சல் போறதைப் பக்கத்துக் கடை பாத்துச்சு, அவங்களும் பண்ணினாங்க. அந்தப் பக்கம் வாங்கி விக்கற ரீசெல்லர் அக்காங்க பெரும்பாலும் வீட்டுல இருந்தே பண்றவங்க, ஒரே போட்டோ பத்து குரூப் தாண்டி திருநெல்வேலில விலை போகும்.

என்னைக் கேட்டா யூடியூப்ல காட்டுங்க, வாட்ஸ்அப் பிசினஸ்ல விலைய முடிங்க, அந்த ஆப் 2018ல இருந்து ஃப்ரீயா இருக்கு, கேட்டலாக் போட்டு வெக்கலாம். கூடவே உங்க பேர்ல ஒரு சின்ன சைட் வெச்சு கடை அட்ரஸ், சேலை எந்த நூல், எப்படித் துவைக்கணும், டேமேஜ் வந்தா எத்தனை நாளுக்குள்ள சொல்லணும்னு எழுதி வெச்சுடுங்க. தெரியாத ஊர்க்காரர் பணம் அனுப்பறதுக்கு முன்னாடி உங்களப் பத்தித் தேடுவார், அப்ப அவருக்கு ஏதாவது கெடைக்கணும். ஆர்ட் சில்க்கை, அதாவது செயற்கைப் பட்டை, அசல் பட்டுன்னு மட்டும் எழுதாதீங்க, ஒருத்தர் ஏமாந்தா அந்தக் கெட்ட பேர் மொத்த இளம்பிள்ளைக்கும் தான் வரும்.

ஃபேஸ்புக் பேஜ்ல பத்தாயிரம் பேர் இருக்காங்க, போஸ்ட் போட்டா 200 பேர் கூட பாக்கறதில்ல, ஏன்?

யாருக்கு எதைக் காட்டணும்னு முடிவு பண்றது நீங்க இல்ல, அந்தக் கம்பெனி. முன்னாடி ஃப்ரீயா காட்டினதுக்கு இப்ப பூஸ்ட் பண்ணச் சொல்லி காசு கேக்கும்.

மேல சொன்ன ஹைப்ரிட் விதையில ஒண்ணு இருக்கு, அதோட விளைச்சல்ல இருந்து விதை எடுத்து வெச்சு அடுத்த போகம் போட்டா அதே மகசூல் வராது, வருஷா வருஷம் கம்பெனி கிட்ட தான் வாங்கணும். சோஷியல் மீடியாவும் அதே தான், மகசூல் நல்லா வரும், ஆனா விதை நம்ம கையில இல்ல. ஆர்குட் 2014 செப்டம்பர் 30ல மூடினாங்க, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல போச்சு, 2020 ஜூன் 29ஆம் தேதி நம்ம அரசாங்கம் டிக்டாக் உட்பட 59 ஆப்பை ஒரே நாள்ல தடை பண்ணுச்சு, லட்சக்கணக்குல ஃபாலோயர் வெச்சிருந்த நம்ம பக்கத்துப் பசங்க மறுநாள் காலைல ஒண்ணுமில்லாம நின்னாங்க. தடை சரியா தப்பான்னு நான் இங்க பேச வரல. அவங்க வீடியோ, அவங்க ரசிகருங்க நம்பர், எதுவுமே அவங்க கையில இல்ல, எனக்கு அது தான் இன்னைக்கும் மனசுக்கு கஷ்டமா இருக்கு. அதனால எங்க வேணா போடுங்க, ஒரு காப்பி உங்க கம்ப்யூட்டர்ல, ஒரு காப்பி உங்க சொந்த சைட்ல இருக்கட்டும். டொமைனுக்கு வருஷத்துக்கு ஆயிரம் ரூபா பக்கம் ஆகும், அவ்ளோ தான்.

எங்களுது கொலுசு பட்டறை. அப்பா "இதெல்லாம் நமக்கு எதுக்குடா"ங்கறார். எப்படிப் புரிய வெக்கறது?

தம்பி, முதல்ல அவர் என்ன சொல்ல வர்றார்னு கேளு. கடைசியா மாறறவங்களை எல்லாம் வெவரம் இல்லாதவங்கன்னு நெனைக்கறது மேல சொன்ன மாதிரி ஆராய்ச்சிகள்லயே ஒரு கோளாறுன்னு ரோஜர்ஸே எழுதி இருக்கார். புதுசுன்னா நல்லதுன்னு முடிவு பண்ணிட்டுப் பாத்தா, வேண்டாம்ங்கறவர் சொல்ற காரணம் நம்ம காதுல ஏறாது.

உங்க அப்பா மாதிரி செவ்வாய்ப்பேட்டையிலயும் சிவதாபுரத்துலயும் நான் பேசின பெரியவங்க சொன்ன காரணம் நியாயமானது. புது டிசைன் ஒண்ணு போட்டு ஸ்டேட்டஸ்ல வெச்சா அடுத்த வாரமே இன்னொரு பட்டறையில அதே டிசைன் கம்மி டச்சுல, அதாவது வெள்ளியோட சுத்தம் கம்மியா, வந்து நிக்குது. அது உண்மையான நஷ்டம். அதனால டிசைனை எல்லாருக்கும் காட்டாம, வாங்கற கடைக்காரங்களுக்கு மட்டும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல அனுப்பு. ஊருக்குக் காட்ட வேண்டியது வேலைய: கம்பி இழுக்கறது, பொடி வெச்சு ஊதறது, சலங்கை கோக்கறது, திருகாணி எப்படி மாட்டறது, டச்சுன்னா என்ன, எடைய எப்படிப் பாத்து வாங்கணும். அதை யாரும் காப்பி அடிச்சு உன்னோட தொழிலைக் கெடுக்க முடியாது.

அப்பறம் உங்க அப்பா கண்டிப்பா ஒண்ணு மாறி இருப்பார், கவனிச்சுப் பாரு. யூபிஐ 2016 ஏப்ரல்லயே வந்துச்சு, நவம்பர் 8ஆம் தேதி 500, 1000 நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப கூட லீ பஜார் மார்க்கெட் கடைக்காரங்கள்ல பாதிப் பேர் அதைத் தொடல. கஸ்டமர் போன்ல டிக் மார்க்கைக் காட்டிட்டுப் போயிடுவார், பணம் வந்துச்சா இல்லையான்னு கூட்ட நேரத்துல மூட்டையத் தூக்கிட்டு யார் பாக்கறது? சவுண்ட் பாக்ஸ் வந்து நூறு ரூபா வந்துச்சுன்னு தமிழ்லயே சத்தமா சொல்ல ஆரம்பிச்ச பிறகு தான் அந்தப் பயம் போச்சு. இப்ப உழவர் சந்தையில கொத்தமல்லிக் கட்டு வாங்கினாக் கூட ஸ்கேன் தான். அவங்க கேட்ட சந்தேகத்துக்கு மெஷின்லயே பதில் வந்துச்சு, மாறிட்டாங்க.

தமிழ்ல டைப் பண்ண வரலீங்க, இங்கிலீஷ் எழுத்துலயே தமிழ் எழுதலாமா?

சாட்டுக்கு ஓகே. நாளைக்கும் நிக்கணும்னு நெனைச்சு எழுதறது தமிழ் எழுத்துல இருக்கட்டும், தமிழ்ல தேடறவங்களுக்கு அது தான் சுலபமா கெடைக்கும். கூகுளோட ஜிபோர்டு கீபோர்டு ஆப்ல 2017ல இருந்தே தமிழ்ல பேசினா எழுதிக்கும், நம்ம பேச்சுத் தமிழுக்கு சில இடத்துல தடுமாறும், திருத்திக்கலாம். நெறைய எழுதறவங்க தமிழ்99 கீபோர்டு முறைய கத்துக்கங்க, 1999ல தமிழ்நாடு அரசு கொண்டு வந்தது, அடிக்கற சாவி கம்மி, பழகிட்டா கை வேகமா ஓடும்.

ஏற்காட்டுல எங்களுக்கு சின்னதா காபித் தோட்டம். கீழ ஏஜென்டு கிட்ட தான் போடறோம். நேரா விக்க இன்டர்நெட் உதவுமா?

உதவும், ஆனா மெதுவா. ஏற்காட்டுக்கு காபி வந்தது 1820கள்ல, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்ததா சொல்லுவாங்க. அவ்ளோ பழைய காபி ஊரு, ஆனா காபின்னு தேடினா கூர்க், சிக்மகளூர் தான் முன்னாடி வருது, ஏன்னா அவங்களப் பத்தி எழுதி இருக்காங்க, நம்மளப் பத்தி கம்மி. நீங்க எழுதுங்கக்கா. எந்த உயரத்துல இருக்கு, சில்வர் ஓக் நிழலா, மேல மிளகுக் கொடி ஏத்தி இருக்கீங்களா, பழம் எந்த மாசம் பறிக்கறீங்க, பல்பர்ல தோல் எடுத்துக் காய வெக்கறீங்களா இல்ல பழமாவே களத்துல போடறீங்களா, மழை புடிச்சுக்கிட்டா என்ன பண்றீங்க. வறுத்த கொட்டை நேரா வாங்கறவங்க இதைத் தான் கேக்கறாங்க. தோட்டத்துல சிக்னல் இல்லேன்னா போன்லயே எழுதி வெச்சுட்டு டவுனுக்கு வர்றப்ப ஏத்துங்க, வீடியோவுக்கு அவசரப்பட வேண்டாம்.

தோட்டத்துல தங்க ஃப்ரீயா ரூம் குடுத்தா ரீல் போடறேன்னு கேட்டு யாராவது வந்தா, விளம்பரம்னு தெரியற மாதிரி போடச் சொல்லுங்க. இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2021லயே அதுக்கு விதி போட்டிருக்கு.

வாட்ஸ்அப்ல வர்றது உண்மையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ரெட்டை அம்புக்குறி போட்டு பல முறை ஃபார்வர்ட் ஆனதுன்னு இருந்தா உடனே நம்பாதீங்க. 2018ல புள்ள புடிக்கறவங்கன்னு வதந்தி பரவி நாட்டுல பல இடத்துல அப்பாவிங்களை அடிச்சே கொன்னாங்க, அதுக்கப்புறம் தான் இந்தியாவுல ஒரு தடவைக்கு அஞ்சு பேருக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாதுன்னு கொண்டு வந்தாங்க. தேதியும் ஊரும் இல்லாத செய்தியை உங்களோட நிறுத்திடுங்க.

ஏஐ தான் எல்லாத்தையும் எழுதுதே, இனி நாம எதுக்கு எழுதணும்?

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30ல வந்துச்சு. அதுக்குத் தமிழ் தெரியுதுன்னா, தமிழ்ல யாரோ எழுதி வெச்சதைப் படிச்சதால தான் தெரியுது. 2003ல ஆரம்பிச்ச தமிழ் விக்கிப்பீடியாவுல ஒன்றரை லட்சம் கட்டுரைக்கு மேல இருக்கு, சம்பளம் வாங்காம ராத்திரி உக்காந்து எழுதினவங்க வேலை அது. யாரும் எழுதாததை அதுகிட்ட கேட்டீங்கன்னா தெரியாதுன்னு சொன்னா பரவால்ல, பல நேரம் தெரிஞ்ச மாதிரியே ஏதோ ஒண்ணு சொல்லிடும். சேலம் குகைப் பகுதியில தறிக்குப் பாவு நூல் எப்படி நீட்டறாங்க, ஜவ்வரிசி செய்யற சேகோ ஃபேக்டரியில மாவை எப்படி உருட்டறாங்க, இதெல்லாம் இன்னும் ஆளுங்க கையிலயும் வாயிலயும் தான் இருக்கு. 2023ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடு கெடைச்சுது, அதுல வேலை பாக்கறவங்க அவங்க வார்த்தையில எழுதினது எத்தனை இருக்குன்னு தேடிப் பாருங்க, ரொம்பக் கம்மி. எழுத்துப் பிழை பாக்க, தலைப்பு யோசிக்க ஏஐய வெச்சுக்கங்க, விஷயம் உங்களோடதா இருக்கட்டும்.

அடுத்து என்ன புதுசா வந்தாலும் உடனே கத்துக்கணுமா? எது நிக்கும் எது ஓடிடும்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

உடனே வேண்டாம். எதுவும் வந்த புதுசுல ஆகா ஓகோன்னு பேசுவாங்க, அப்பறம் இது ஒண்ணும் இல்லைன்னு தூக்கிப் போடுவாங்க, அதுக்கப்புறம் சத்தமில்லாம சில வேலைக்கு மட்டும் நெலைச்சு நிக்கும். உங்க தொழில்லயே இருக்கற ஒருத்தர் அதை எடுத்தா, ஆறு மாசம் கழிச்சுப் போய் இன்னும் அதை வெச்சிருக்கீங்களான்னு மட்டும் கேளுங்க. விக்கறவர் சொல்றதை விட அந்த ஒரு பதில் எனக்குப் போதும். வெச்சிருந்தா, ஐயோவாக்காரங்க மாதிரி ஒரு மூலையில கொஞ்சம் போட்டுப் பாருங்க.

சரி, இன்னைக்கே எழுத ஆரம்பிக்கணும்னா?

பிளாக்கர்ல ஃப்ரீயா ஆரம்பிங்க, டிசைன், கலர், பேருக்குன்னு நாளைக் கடத்தாதீங்க. இந்த வாரம் கஸ்டமரோ சொந்தக்காரரோ உங்ககிட்ட என்ன கேட்டாங்களோ அதுக்கு நீங்க வாயில சொன்ன பதிலை அப்படியே எழுதுங்க, அது தான் முதல் போஸ்ட். போட்டோ நீங்க எடுத்ததா இருக்கட்டும், தேதியும் ஊர் பேரும் மறக்காமப் போடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கூகுள் டேக்அவுட்ல போய் மொத்தத்தையும் டவுன்லோட் பண்ணி பென் டிரைவ்ல ஒண்ணு, ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு வெச்சுக்கங்க. டேக்அவுட் எப்படி எடுக்கறதுன்னு தெரியலேன்னா கடைக்கு வாங்க, உக்காந்து காட்டறேன், அதுக்குக் காசு வாங்கறதில்ல.